கோர்ட்டுக்காகத் துடைத்து வைத்த கம்ப்யூட்டர்

அந்த ஹாலின் ஏசி குளிர் இன்னும் மறக்கவில்லை... நெய்வேலி வெயிலில் வெந்துபோய் உள்ளே நுழைந்தால் பல் கிட்டியது. போலீஸில் சேர்ந்த புதிதில், டவுன்ஷிப்பில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் தடயப் பயிற்சி. அரிச்சுவடிப் பாடம்தான்.

சென்னையிலிருந்து வந்த டிரெய்னர் எடுத்த எடுப்பில் கேட்டார்.

"ஆஃப்ல இருக்கிற கம்ப்யூட்டரக் கைப்பத்தினா மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"ஆன் பண்ணி, வேல செய்யுதான்னு பாப்போம் சார்!" என்றார் முன்வரிசையில் எங்கள் இன்ஸ்பெக்டர், பெருமையாக.

"அதான் தப்பு. ஆஃப்லயே சீல் வைங்க. ஆன் பண்ணாலே உள்ள இருக்கிற ஃபைல் தேதியெல்லாம் மாறிடும். வக்கீல் அத வெச்சே கேஸ ஒடச்சிடுவார்."

எங்கள் ஸ்டேஷனிலும் அப்படி ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

செல்வி கேஸில் பிடித்தது. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, புருஷன் மைன்ஸில் கான்ட்ராக்ட். ரிப்பேருக்குக் கொடுத்த போனிலிருந்து அவள் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு கடைக்காரன் மிரட்டினான். பயப்படாமல் புகார் கொடுத்தாள். அவன் கடைக் கம்ப்யூட்டரை அந்த வாரம்தான் தூக்கி வந்திருந்தோம். இருந்த ஒரே ஆதாரம் அது.

டீ பிரேக்கில் ஸ்டேஷனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, அந்த கம்ப்யூட்டர யாரும் தொடாதீங்க!"

ஏட்டு அண்ணன் குரலில் அப்படி ஒரு திருப்தி. "நீ வேறம்மா... கரித்தூசி அப்பிகினு கெடந்திச்சி. கோர்ட்டுக்குப் போற பொருளாச்சே, இன்ஸ்பெக்டர் ஐயா சர்வீஸ் பண்ணச் சொல்லிட்டாரு. வைரஸ் வேறயாம். ஃபார்மேட் போட்டு புதுசாட்டம் வாங்கியாந்துட்டேன்!"

எங்கள் ஸ்டேஷன் வழக்கம் அது. பிடித்த வண்டியோ டிவியோ, கோர்ட்டில் காட்டும் முன் கரியைத் துடைத்துப் பளபளவென்று வைப்போம். ஆனால் இது வண்டியா? ஃபார்மேட் போட்டதில் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துபோயிருந்தது.

இன்ஸ்பெக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வடையைக் கடித்தபடி, "வேணும்னா செஞ்சோம்? வுடும்மா" என்றார். சாயந்திரம் பயிற்சி முடித்த சர்டிபிகேட்டைச் சிரித்துக்கொண்டே வாங்கினார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

செல்வியிடம் சொல்லப் போனது நான்.

"அப்ப அவன் யோக்கியன்னு ஆயிடுச்சாங்க?"

கேஸ் நிற்கவில்லை. அவன் மறுபடி கடையைத் திறந்தபோது ஷட்டருக்கு மாலை போட்டிருந்தார்கள்.

இப்போது லேப் இருக்கிறது, சீல் கவர் இருக்கிறது, புதிதாக வருபவர்களுக்கு நானே வகுப்பும் எடுக்கிறேன். இருந்தும் போன வாரம் ஒரு எஸ்.ஐ., கைப்பற்றிய போனில் யாரோ ஒரு பெண்ணின் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சும்மா பாத்தேன் மேடம்..." சும்மாவாம்! நான் போட்ட சத்தத்தில் ஸ்டேஷனே எட்டிப் பார்த்தது.

அன்று சாயந்திரம் மார்க்கெட்டில் செல்வியைப் பார்த்தேன். கையில் பழைய பட்டன் போன்.

"எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சிங்க" என்றாள்.

"போட்டோ இருந்தா காட்டு செல்வி..."

"வூட்ல ஆல்பம் இருக்கு. ஆனா நான் எந்த போட்டோலயும் நிக்கலங்க."