கொலோனிலை நிக்கிறன்

எங்கள் ஆட்களில் கப்பலேறிப் போவது பெரும்பாலும் மானம் மட்டும்தான். அதனால் நானும் மனைவியும் உல்லாசக் கப்பலில் மேற்கிந்தியத் தீவுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்ற செய்தி லண்டனில் கோலியர்ஸ் வுட்டிலிருந்து எட்மண்டன் வரை ஒரு கிழமைக்குள் பரவிவிட்டது. நயினாதீவுக்குப் போகும் வள்ளத்திலேயே சத்தி எடுத்தவன் இவன் என்று என் அக்கா கோயில் வாசலில் நின்று சொன்னாராம். லொத்தர் விழுந்துவிட்டதோ என்று சிலர் நாசூக்காக விசாரித்தார்கள். லொத்தர் விழவில்லை. நான் பெற்றோல் ஸ்டேஷனிலும் அவள் சட்டனில் ஒரு முதியோர் இல்லத்திலும் ஷிப்ட் செய்து சேர்த்த காசுதான். எதற்காகப் போகிறோம் என்பதை மட்டும் நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. எண்பதுகளின் நடுவில், இலங்கையில் சண்டை நடந்து நாட்டில் இருக்க ஏலாத காலத்தில், கனடாவுக்கென்று, கள்ளமாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிக்கிட்டான். எந்த வழியால் போகிறான் என்பது அந்த ஏஜென்சிக்காரனுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். மார்கழி மாதம் ஒருநாள் பின்னேரம் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அப்போது நாங்கள் கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்கு மேலிருந்த அறையில் குடியிருந்தோம். மீட்டருக்குக் காசு போட்டால்தான் ஹீட்டர் எரியும். மனைவி கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஓடிப்போய் எடுத்தாள்.

"அக்கா, நான் கொலோனிலை நிக்கிறன். சுகமா இருக்கிறன். இஞ்சை சரியான வெக்கை அக்கா, நித்திரை கொள்ள ஏலாது. பிறகு எடுக்கிறன்."

அவ்வளவுதான். இணைப்பு அறுந்துவிட்டது.

எங்களுக்கு ஒரே புளுகம், ஒரே சந்தோசம். கொலோன் என்றால் ஜேர்மனி. அந்த நாட்களில் எங்கள் பெடியளில் பாதிப் பேர் பெர்லினில் இறங்கி ஜேர்மனி முழுக்கப் பரவிக்கொண்டிருந்தார்கள். கனடாவுக்கு வெளிக்கிட்டவன் கொலோனில் நிற்கிறான் என்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வெக்கை என்று சொன்னானே என்று மனைவி ஒருமுறை யோசித்தாள். ஜேர்மன்காரன் ஹீட்டரை ஒழுங்காய்ப் போடுவான், லண்டன்காரனைப் போல் கஞ்சனில்லை என்று அறையில் இருந்த எல்லோரும் சேர்ந்து தீர்ப்புச் சொன்னோம். ஜேர்மனிக்காரரின் ஹீட்டரைப் புகழ்ந்துகொண்டே அன்று சாப்பிட்டோம்.

அதன் பிறகு அவன் எடுக்கவில்லை. நான் பஸ்ஸிலும் கப்பலிலுமாகக் கொலோனுக்குப் போனேன். பெரிய மாதா கோயிலுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் முகச்சாயலில் வந்தவர்களுக்கெல்லாம் அவனுடைய படத்தைக் காட்டினேன். அகதி முகாம்களில் கேட்டேன். அந்த ஊரில் எங்கள் ஆட்கள் எல்லோருமே அவனைத் தேடித் திரிந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அப்படி ஒருவனைக் கண்டவர் இல்லை. ஏஜென்சிக்காரனையும் பிறகு காணவில்லை. வருடங்கள் போயின. மனைவி தம்பியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கொலோன், கொலோன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறுகளில் ஒருநாள் அவள் வேலை முடிந்து வரும்போது, ஹை ஸ்ட்ரீட்டில் இருந்த பயண முகவர் கடையிலிருந்து ஒரு வண்ணப் புத்தகத்தை எடுத்து வந்தாள். முதியோர் இல்லத்துக் கிழவி ஒருத்திக்குப் படம் காட்டுவதற்காக எடுத்தாளாம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் அதை விரித்துவைத்தாள். நீலக் கடல், தீவுகள், தீவு தீவாக ஓடிப் பனாமாக் கால்வாயின் வாய்க்குள் நுழையும் புள்ளிக் கோடு. அந்த வாயில் ஒரு துறைமுகம்.

"இஞ்சாருங்கோ, இதை ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன். இன்னும் ஒருக்கா வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அந்தத் துறைமுகத்தின் பெயர் கொலோன்.

பனாமாக்காரர் அந்தப் பெயரை எப்படி உச்சரிக்கிறார்களோ எனக்குத் தெரியாது. எங்கள் வாயில் இரண்டும் ஒன்றுதான். அன்று முதல் மனைவிக்கு ஒரே ஒரு கவலை பிடித்துக்கொண்டது. அந்தத் தொலைபேசியை எடுத்தது அவள். "என்ரை காதாலைதான் அவன் துலைஞ்சவன்," என்றாள். வேறு ஆராவது எடுத்திருந்தால் எந்தக் கொலோன் என்று கேட்டிருப்பார்கள் என்றாள். நான் என்ன சொல்லியும் அவள் கேட்கவில்லை. கடைசியில் போய்ப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன்.

லண்டனிலிருந்து பார்படோஸுக்குப் பறந்து அங்கே கப்பலேறினோம். முதல் நாள் நான் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கப்பல் அசைந்தால்தானே சத்தி வரும். அது கடலில் மிதக்கும் ஒரு ஊர். விடிந்து எழும்பினால் ஜன்னலுக்கு வெளியே ஒரு தீவு நிற்கும், நாங்கள் நித்திரையாயிருந்த நேரம் பார்த்து யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதைப் போல. பின்னேரம் அது மெல்ல மெல்லக் கரைந்துவிடும். அடுத்த விடியலில் இன்னொன்று. எந்தத் தீவில் எதைப் பார்த்தோம் என்று இப்போது கேட்டால் எனக்குக் குழம்பும். கறுத்த மணல், பச்சை மலை, மழை பெய்துகொண்டிருக்கும்போதே எறிக்கும் வெயில், ஒரு சந்தையில் ஈரப்பலாக்காய் குவித்து வைத்திருந்த கிழவன், எல்லாம் ஒரே நீண்ட பகலுக்குள் நடந்தவையாகவே நினைவிருக்கின்றன. நாட்கள் இருந்தன, கிழமைகள் இல்லை. லண்டனில் நான் ஒருநாளும் அப்படி ஒரு நித்திரை கொண்டதில்லை. சாய்வு நாற்காலியில் படுத்துக் கண்ணை மூடினால் கண்ணுக்குள்ளும் நீலம்.

மனைவி மட்டும் விழித்திருந்தாள். சீலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, "இந்த வெக்கையைத்தான் சொல்லியிருக்கிறான்," என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். சாப்பாட்டு மேசையில் எங்களோடு இருந்த வெள்ளைக்காரத் தம்பதி, கைப்பையிலிருந்து அவள் மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து மீனில் தூவுவதை மரியாதையோடு பார்த்தார்கள். எந்த இடத்தைப் பார்க்க மிகவும் ஆசை என்று கேட்டார்கள். கொலோன் என்றாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லையே, கப்பலை விட்டு இறங்கவே வேண்டாம் என்றல்லவா சொல்கிறார்கள் என்று அந்த மனுசி அனுதாபப்பட்டார்.

நாங்கள் இறங்கினோம். துறைமுக வாசலில் ஒரு தொலைபேசி இருந்தது. மனைவி வேறெங்கும் போகாமல் நேரே அதனிடம் போனாள். எட்மண்டனில் இருக்கும் என் அக்காவுக்கு எடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் காதை வைத்துக் கேட்டோம். இரைச்சலுக்குள்ளே அக்காவின் குரல் வந்தது.

"மச்சாள், நாங்கள் கொலோனிலை நிக்கிறம்," என்றாள் மனைவி. வேறொரு சொல்லும் சொல்லவில்லை.

"ஜேர்மனியிலையோ?" என்றார் அக்கா. "கப்பல் அங்கையும் போகுதோ? குளிரா இருக்குமே, சுவெற்றர் கொண்டு போனனீங்களோ?"

மனைவி சிரித்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தப் பக்கம் அக்கா ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். நான் வாங்கி, பிறகு விளக்கமாகச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மனைவியின் முகத்திலிருந்து பல வருடப் பாரம் இறங்கியது எனக்குத் தெரிந்தது. எனக்கும் பெரிய ஆறுதல்.

பிறகு படத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். நிறம் உதிர்ந்த மரவீடுகளும் உடுப்புத் தொங்கும் பலகணிகளுமாக இருந்த தெருக்களில் கடை கடையாக ஏறி இறங்கினோம். இந்தியக் கடைக்காரர் ஒருவர் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். அந்தக் காலத்தில் இப்படிப் பெடியன்கள் வந்து போனார்கள்தான், வடக்கே போகும் படகுகளுக்காகக் காத்திருந்தார்கள்தான், ஆனால் முகம் நினைவில்லை என்றார். பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பெண் நல்ல ஆங்கிலத்தில், வடிவான பிள்ளை, உன் மகனா என்று கேட்டார். மனைவி ஒரு நிமிடம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி என்று நான்தான் சொன்னேன். கப்பலின் சங்கு ஊதும் வரை தேடினோம். அவனைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

மறுநாள் காலை கப்பல் கால்வாய்க்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் கையால் தொடலாம் போல் சீமெந்துச் சுவர்கள். பின்னால் கால்வாயின் கதவு மூடியது. பிறகு அடியில் தண்ணீர் நிரம்ப, சத்தமே இல்லாமல் நாங்கள் உயரத் தொடங்கினோம். சுவர் கீழே போயிற்று, புல் கீழே போயிற்று, மரங்களின் தலைகள் எங்கள் காலடிக்கு வந்தன. எங்களைச் சுற்றியிருந்தவர்கள் கமராக்களோடு அங்குமிங்கும் ஓடினார்கள். மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு, விட்டுவந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, ஜேர்மனி முழுக்கத் தேடினனாங்கள். இஞ்சை அவனை ஒருதரும் தேடேல்லை."

"ஓம்," என்றேன்.

"நேற்று நான் தேடினனான்."

அப்படிச் சொல்லிவிட்டு அழுதாள். அவ்வளவு வருடத்தில் தம்பிக்காக அவள் அழுது நான் கண்டது அன்றுதான். தான் அழுதால் அவன் இல்லையென்று ஆகிவிடும் என்று அதுவரை அடக்கிக்கொண்டிருந்தாள்.