மிளா நக்கிய பைகள்

எங்கள் மலையேற்றக் குழு கூடுவது ஒரு கயிற்றுக் கடையின் மாடியில். கீழே விசைப்படகுகளுக்கும் கப்பல்களுக்கும் வேண்டிய கயிறுகள் சுருள் சுருளாகக் கிடக்கும். மேலே, மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, மலையே கண்ணில் படாத ஊரில் வளர்ந்த நாங்கள் மலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். தூத்துக்குடியில் உயரம் என்று சொல்லத்தக்கவை உப்புக் குவியல்களும் துறைமுகத்துக் கிரேன்களுமே. கடைக்காரரான அண்ணாச்சிதான் குழுவின் தலைவர்.

சில ஆண்டுகளாக அந்தக் குழுவின் பயணங்களைத் திட்டமிட்டு வந்தவள் நான். வனத்துறையிடம் அனுமதி பெறுவது, வேன் பேசுவது, யார் அடுப்பைச் சுமப்பது, யார் கூடாரத்துணியைச் சுமப்பது, எந்த ஓடையில் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று விசாரிப்பது எல்லாம் என் பொறுப்பு. அவற்றைவிட எனக்குப் பிடித்தது, ஒரு பயணத்தை அறிவிப்பதற்காக எழுந்து நிற்கும் அந்தக் கணம். எங்கள் மாவட்டத்து நாசரேத்தில் ஓர் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்து, திருச்சபை வாலிபர் கூட்டங்களிலும் பிறகு கல்லூரி மேடைகளிலும் பேசிப் பழகியவள் நான். இப்போது சட்டம் படிக்கிறேன். எதிரணியின் வாதத்தை அவர்களே வியக்கும்படி முதலில் நாம் எடுத்துரைக்க வேண்டும், அதன் பிறகே அதை உடைக்க வேண்டும் என்பது நான் பயின்ற பேச்சுக்கலையின் முதல் பாடம். அந்தப் பாடத்தை என்னைப் போலக் கையாண்டவர்கள் எங்கள் கல்லூரியில் இல்லை. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

பிறகு அவள் வந்தாள். புன்னைக்காயல்காரி, என் வயதுதான். எந்தக் கண்டெய்னர் எந்தக் கப்பலில் எங்கே அடுக்கப்பட வேண்டும் என்று திட்டமிடும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. குழுவில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்குள் அனைவருக்கும் அவள் வேண்டியவளாகிவிட்டாள். கைபேசிக் குழுவில் நான் பத்தி பிரித்து, பிழை திருத்தி அனுப்பும் அறிவிப்புகளுக்குக் கட்டைவிரல் குறிகள் வரும். அவள் "ஏ மக்கா, நாளைக்கு மழை வாரதுக்கு இருக்கு, ரெயின்கோட்ட மறந்துட்டு என்னத் தேடாதிய" என்று ஒரு குரல் பதிவு போடுவாள். பதிலுக்குச் சிரிப்புகள் வந்து குவியும். அந்தப் பதிவுகளை நான் தனியாகக் கேட்டிருக்கிறேன், ஒன்றை இரண்டு முறைகூட. எங்கே இருக்கிறது அந்தச் சிரிப்பு என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

அடுத்த ஆண்டு குழு முதன்முறையாக இமயமலைக்குப் போவதென்று முடிவாயிற்று. அதைத் திட்டமிடப் போவது நான்தான் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. என் தாயிடம் சொல்லிவிட்டேன், வகுப்புத் தோழிகளிடம் சொல்லிவிட்டேன், ஒரு மேடையில்கூட வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஆனால் அண்ணாச்சி, இமயத்துக்கு முன்னோட்டமாக மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு முகாம் போட வேண்டும் என்றார். அது முடிந்த பிறகே இமயப் பயணத்தைத் திட்டமிடும் ஆளைத் தேர்ந்தெடுப்பது என்றும் சொன்னார். முகாமைத் திட்டமிடும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்.

"நீ செஞ்சா நல்லாத்தான் இருக்கும், அது எங்களுக்குத் தெரியும்," என்றார் என்னைப் பார்த்து. "அவ செஞ்சா எப்படி இருக்கும்னு தெரிஞ்சிக்கிடணும்லா?"

"தாராளமாச் செய்யட்டும் அண்ணாச்சி."

"ஏளா, வாயிதான் தாராளமா இருக்கு. மூஞ்சில ஒண்ணையும் காணல," என்றாள் அவள். மாடி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டியிருந்தது.

மலையில்லாத ஊரில் மலைக்குத் தயாராக வேண்டுமானால் மாடிப்படிதான் கதி. மில்லர்புரத்தில் அண்ணாச்சியின் உறவினர் கட்டிய அடுக்குமாடி வீடு ஒன்றில், முதுகில் பாரத்தோடு ஏறி இறங்குவது எங்கள் வழக்கம். அதுவரை பாரத்துக்குச் செங்கல்லும் தண்ணீர் போத்தலும் வைத்தோம். அவள் உப்பைக் கொண்டுவந்தாள். உப்பளத்தில் தெரிந்தவர் ஒருவர் சாக்குச் சாக்காகக் கொடுத்துவிட்டார்.

"செங்கல் முதுகக் குத்தும், பாட்டில் உருளும். உப்பு அப்படியில்ல மக்கா. போட்ட எடத்துல கெடக்கும், முதுகோட ஒட்டிக்கிடும்," என்றாள்.

உண்மைதான். இத்தனை ஆண்டுகளாக உப்பு மணக்கும் ஊரில் இருந்துகொண்டு எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்ற எரிச்சலோடு, எல்லோரையும்விடப் பாரம் கூட்டிக்கொண்டு, எல்லோரையும்விட அதிகமாக நான் ஏறினேன். கடற்காற்றின் ஈரத்தில் உப்பு கசிந்து பைத்துணியில் இறங்கியது. வெயிலில் காய்ந்ததும் பைகளின் தோள்வார்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. இந்த ஊரில் உப்புப் படாத பொருள் எது?

ஒருநாள் இரண்டாம் மாடியில் ஒரு மூதாட்டி கதவைத் திறந்து எங்களை நிறுத்தினார்.

"ஏளா, தெனமும் மூட்ட மூட்டையா உப்பு மேல போவுதே. மொட்ட மாடில கருவாடு போடுதியளா?"

நான் பயிற்சியின் நோக்கத்தை விளக்க வாயெடுத்தேன். அதற்குள் கீழ்ப்படியிலிருந்து அவள் குரல் வந்தது.

"இமயமலைக்குப் போறோம் ஆச்சி. அங்கன உப்பே கெடையாதாம், யாவாரம் பண்ணலாம்னு."

அன்றிலிருந்து அந்த மூதாட்டி அவளுக்கு மட்டும் மோர் கொடுத்தார். அவள் அதை அனைவருக்கும் பகிர்ந்தாள். நான் குடிக்கவில்லை.

முகாம் நாள் வந்தது. தாமிரபரணி இறங்கி வரும் மலைப்பக்கத்தில், அனுமதி பெற்ற ஒரு புல்வெளியில் கூடாரம் அடித்தோம். எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு: பயணத்தைத் திட்டமிட்டவர் கடைசி ஆளாக நடக்க வேண்டும், மெதுவாக வருபவரோடு. என் பயணங்களில் நானும் அப்படித்தான் நடந்தேன், பொறுமையாக, கடமையாக. இப்போது விடுதலை பெற்று முதல் ஆளாக ஏறினேன். ஆனால் பாறைத் திருப்பங்களில் கீழிருந்து சிரிப்பொலி கேட்டுக்கொண்டே இருந்தது. வேகமாக நடக்கக்கூடிய சிலர்கூட வேண்டுமென்றே பின்தங்குவதைப் பார்த்தேன். நான் கடைசியில் நடந்த நாட்களில் எவரும் பின்தங்கியதில்லை.

உணவுப் பொருள்களை அவள் முறையாகப் பெட்டியில் பூட்டி, கூடாரங்களிலிருந்து தள்ளி வைத்தாள். பைகளை மட்டும் வெளியே, கூரைபோல் இழுத்துக் கட்டிய ஒரு தார்ப்பாயின் கீழ் வரிசையாக வைக்கச் சொன்னாள்.

"பைகள் கூடாரத்துக்குள்ள இருக்கதுதான் முறை," என்றேன்.

"உள்ள வச்சா கால எங்கன நீட்ட? பை என்ன, குளிருல நடுங்கவா போவுது?"

முடிவு திட்டமிட்டவருடையது. பைகள் வெளியே கிடந்தன.

விடியும் வேளையில் ஒரு சத்தம் கேட்டு நான் கூடாரத்தின் வாயைத் திறந்தேன். ஈரமான, சொரசொரப்பான, நிதானமான சத்தம். பனிமூட்டத்துக்குள் ஒரு பெண் மிளா நின்றுகொண்டிருந்தது. மலைக்காட்டில் திரியும் அந்தப் பெரிய மானை நான் அவ்வளவு அருகில் கண்டதில்லை. பக்கத்தில் அதன் குட்டி. சற்றுத் தள்ளிக் கொம்பு கிளைத்த கிடா. மூன்றும் தலையைத் தாழ்த்தி எங்கள் பைகளை நக்கிக்கொண்டிருந்தன. வாரக்கணக்கில் உப்பு ஊறிய பைகள்! ஒவ்வொரு கூடாரமாக வாய் திறந்தது.  அவள் முழங்காலில் ஊர்ந்து என் அருகில் வந்தாள்.

"ஏளா," என்று காதோடு சொன்னாள், "அது உன் பைதான?"

என் பைதான். அதிகம் ஏறியவள் நான்; அதிகம் உப்பு ஊறியது என்னுடையது. தாயும் குட்டியும் அதை விட்டு நகரவே இல்லை. பனி கலைந்ததும் அவை தாமாகவே காட்டுக்குள் போயின. என் பையின் தோள்வார் ஒன்று நாராக மென்று விடப்பட்டிருந்தது.

இறங்கும் வழியெல்லாம் அதே பேச்சு, வேனிலும் அதே பேச்சு. நான் நடத்திய பயணங்கள் எதிலும் ஒரு கயிறு அறுந்ததில்லை, ஒருவர் வழி தவறியதில்லை. ஆகவே அவற்றைப் பற்றிச் சொல்ல எவரிடமும் எதுவும் இல்லை. அவள் செய்ததோ பிழை. தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்படியான தெளிவான பிழை. அதற்குப் பரிசாக அவளுக்கு மிளா கிடைத்தது. கிழிந்த பையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு, என் கையில் ஒரு வழக்கு இருக்கிறது என்பது மெல்லப் புலப்பட்டது.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் எங்கள் மாடியில் குறை சொல்லும் கூட்டம் நடக்கும். அதில் குறையை மட்டுமே பேச வேண்டும். திட்டமிட்டவர் பதில் பேசக் கூடாது. நடுவில் கிடக்கும் ஒரு கயிற்றுச் சுருளின் மேல் வாய் மூடி உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று முகாமுக்கு வராதவர்களும் வந்திருந்தார்கள், இமயத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாள் ஆயிற்றே.

"கொறய மட்டும் சொல்லுங்க," என்று தொடங்கிவைத்தார் அண்ணாச்சி. "நல்லத வீட்ல போயி சொல்லிக்கிடுங்க."

உப்புமா குழைந்தது என்றார் ஒருவர். வேனில் பாட்டு அதிகம் என்றார் இன்னொருவர். நான் எழுந்தேன்.

முறைப்படி எதிரணியின் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அந்த விடியலை எடுத்துரைத்தேன். பனியின் நிறத்தைச் சொன்னேன். நாக்கு துணியில் உரசும் ஓசையைச் சொன்னேன். குட்டி ஒவ்வொரு முறையும் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு நக்கியதைச் சொன்னேன். கிடா தலையை உயர்த்தி எங்களை நோக்கியபோது அதன் கண்ணில் எங்கள் கூடாரங்களின் நிறம் தெரிந்ததைச் சொன்னேன். "நம்மில் எவரும் அந்தக் காட்சியை மறக்கப் போவதில்லை" என்று நிறுத்தினேன்.  இடைவெளி விட்டு, குரலைத் தாழ்த்தி, உடைக்கத் தொடங்கினேன்.

"ஆனால், வந்தது மிளா. வந்திருக்கக்கூடியது யானை. உப்பின் மணம் மிளாவுக்கு மட்டும் சொந்தமன்று. உணவைப் பூட்டிவைத்துவிட்டு, உணவினும் பெரிய அழைப்பைக் கூடார வாசலில் வரிசையாக அடுக்கிவைத்தோம். நமக்கு வாய்த்தது நற்பேறு. நற்பேற்றை நம்பி இமயம் ஏற இயலாது."

இன்றும் சொல்கிறேன், அது நான் பேசியவற்றில் மிகச் சிறந்த பேச்சு. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் கயிற்றுச் சுருளின் மேல், விதிப்படி, வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வாய் திறந்தவர் முகாமுக்கு வராத ஒரு கண் மருத்துவர்.

"ஏளா, குட்டி நெசமாவே அம்மையப் பாத்துப் பாத்துத்தான் நக்கிச்சா?"

"ஆமாம் டாக்டர். ஆனால் நான் சொல்ல வந்தது…"

"சே! நான் வராமப் போயிட்டேனே. கொம்பு எம்புட்டு இருக்கும்?"

பின்வரிசையிலிருந்து இன்னொரு கேள்வி வந்தது, பிறகு இன்னொன்று. யானையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அண்ணாச்சி மட்டும் அதை மறக்கவில்லை. "இனிமே பயிற்சிக்கு உப்பு கெடையாது, ஆத்து மணல்தான். பையும் கூடாரத்துக்குள்ளதான். வக்கீலம்மா சொன்னது சரி," என்று விதியாக்கினார். என் வாதம் வென்றுவிட்டது. அடுத்து, இமயப் பயணத்தைத் திட்டமிடப் போவது யார் என்று கேட்டார். அவள் பெயருக்குக் கைகள் உயர்ந்தன. முகாமுக்கு வராதவர்களின் கைகளே முதலில் உயர்ந்தன. அவர்கள் மிளாவை என் வாயால் மட்டுமே பார்த்தவர்கள். என் கை மடியிலேயே இருந்தது. அதை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவள் என் தோளைத் தொட்டாள்.

"கொறயத்தானளா சொன்ன? எனக்கு அழுக வந்துட்டு. நானும் அங்கனதான் இருந்தேன், அந்தக் குட்டி அப்படிச் செஞ்சத நான் பாக்கவே இல்லியே."

 "பேருந்துக்கு நேரமாச்சு," என்றேன்.

இமயப் பயணத்துக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். மில்லர்புரத்துப் படிகளில் இப்போது மணல் பையோடு ஏறுகிறோம். கிழிந்த தோள்வாருக்குப் பதிலாக அண்ணாச்சி கடையிலிருந்து ஒரு நைலான் பட்டை வாங்கித் தைத்திருக்கிறேன். முதலில் ஏறுவது நான். திட்டமிட்டவள் என்பதால் கடைசியில் வருவது அவள். திருப்பங்களில் கீழிருந்து சிரிப்புக் கேட்கிறது. என்ன சொன்னாள் என்பது என் காதுக்கு எட்டுவதில்லை. இடையில் வருபவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நான் அடுத்த மாடியில் இருப்பேன்.

நேற்று ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டேன். சிரிப்பு நெருங்கி வந்தது.

"என்னளா, மூச்சு வாங்குதா?" என்று கீழிருந்து கேட்டாள்.

"இல்லை," என்றேன். பட்டையை இறுக்கிக்கொண்டு மேலே ஏறினேன்.