எல்லாவற்றுக்கும் செர்ரி

காய்ச்சல் ஒரு வாரம்தான் இருந்தது. அது போனபோது என் மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது. வைன் கடையில் வேலை செய்கிற ஒருவனுக்கு அது போனால் என்ன மிஞ்சும் என்று யோசித்தபடியே அந்தக் குளிர்காலம் முழுவதும் தகனினியிலுள்ள வீட்டிலிருந்து நெடுஞ்சாலையில் கடைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன்.

கடை ஆக்லாந்து நகர மையத்துக்குப் பக்கத்தில், பேக்கரிக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காத போத்தல்களைத் தேடிப்பிடித்து விற்பதுதான் எங்கள் பிழைப்பு. முதலாளி ஐம்பது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த காலத்தில் பெட்டி தூக்குவதற்காக அவரிடம் சேர்ந்தேன். யாருமே குடிக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். ஆனாலும் ஒரு கிண்ணத்தை முகர்ந்து அது எந்தத் திராட்சை, எந்தப் பக்கத்து மண் என்று ஓரளவு சரியாகச் சொல்ல எனக்கு வந்தது. அப்படியே அங்கேயே பதினோரு வருடம் ஆகிவிட்டது.

முதலாளியிடம் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பிறகு ஒரு மாதம் என்றேன். பழைய குறிப்பேடுகளைப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு போய், வாடிக்கையாளர்களிடம் ஒப்பித்தேன். நாள் முழுக்கப் பொய் சொல்வது பெட்டி தூக்குவதைவிடக் களைப்பான வேலை. வீட்டுக்கு வந்தால் பேசக்கூடத் தெம்பு இருக்காது.

மனைவி பாபகூராவில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறாள். ஒருநாள் மாலை அவள் வேலைக்குப் போன பிறகு பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் அறையிலிருந்து ஓடிவந்தாள்.

“டாட், இட்ஸ் பர்னிங்.”

பானையின் அடி கருகிப்போயிருந்தது. வீடு முழுக்கக் கருகல் நாற்றமாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விஷயத்தைக் கேட்ட மனைவி, “இனியும் கடையில சொல்லாமல் இருக்கப் போறீங்களோ?” என்றாள்.

“ஓம், சொல்லத்தான் வேணும்,” என்றேன். சொல்லவில்லை.

சனிக்கிழமைகளில் மத்தியானம் கடையில் ருசிபார்க்கும் கூட்டம் நடக்கும். வழக்கமாக வருகிற எட்டுப் பேர் பின்னாலுள்ள மரமேசையைச் சுற்றி நிற்பார்கள். அன்று நான் திறந்தது பிரான்சிலிருந்து வந்த பினோ நுவா என்ற சிவப்பு வைன். இங்கே அநேகமாக எல்லாப் போத்தலுக்கும் திருகுமூடிதான். அது கார்க் அடைத்த போத்தல். எப்போதாவது அப்படி ஒன்றில் கார்க் கெட்டுப்போயிருந்தால் வைனிலிருந்து ஈரமான அட்டைப்பெட்டியின் நாற்றம் அடிக்கும். திறந்ததும் முகர்ந்து பார்ப்பதே அதற்காகத்தான். நானும் முகர்வதுபோல் செய்துவிட்டு ஊற்றினேன். “செர்ரிப் பழம், கொஞ்சம் காய்ந்த இலை,” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். “ஆமாம், செர்ரி,” என்றார் ஒருவர்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மட்டும் ஒரு முறை முகர்ந்துவிட்டு, குடிக்காமல் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டார். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

“நீங்கள் இதை முகர்ந்தீர்களா?”

“பார்த்தேனே.”

கோட்டை மாட்டிக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

முதலாளி கல்லாப்பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். நேரே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும். நாலு மாதமாக எல்லாச் சிவப்பு வைனுக்கும் செர்ரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.”

“ஏன் கேட்கவில்லை?”

“கேட்டால் வேலையை விட்டுப் போய்விடுவாய் என்று பயந்தேன்.” முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். “இனி சனிக்கிழமை நான் முகர்கிறேன், நீ ஊற்று. ஆனால் அந்த எட்டுப் பேருக்கும் நீயே போன் செய்து உண்மையைச் சொல்ல வேண்டும்.”

திங்கட்கிழமை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஆசிரியை, “நல்லது, டாக்டரைப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். ஒருவர் அதில் செர்ரி இருந்தது, அருமையான வைன் என்று என்னிடமே வாதாடினார். கடைசியாகக் கூப்பிட்டது மாசி என்ற புறநகரிலிருந்து வருகிற ஒரு தமிழ்நாட்டுக்காரரை. கம்ப்யூட்டர் வேலை, தனியாக இருப்பவர். நான் சொல்லி முடித்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லவா? எனக்கு எதுலயுமே ஒண்ணும் தெரிஞ்சதில்ல. நீங்க செர்ரின்னா செர்ரி, மிளகுன்னா மிளகு. நாலு வருஷமா தலையாட்டிட்டுதான் இருக்கேன்.”

“அப்ப ஏன் ஒவ்வொரு கிழமையும் வாறீங்கள்?”

“சனிக்கிழமை வேற எங்க போறது?” என்றார்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் கிடங்கில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

வசந்தம் வந்தபோது மோப்பம் கொஞ்சம் திரும்பியது, கோணலாக. காப்பி கருகிய ரப்பராகவும் வெங்காயம் பெட்ரோலாகவும் மணத்தன. வைன் இன்னமும் பாதிக்குப் பாதிதான் பிடிபடுகிறது. டாக்டர் இதற்கு மேல் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார். இப்போது யாராவது கேட்டால், என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று விசாரித்து, அதற்கு ஏற்ற போத்தலை எடுத்துக் கொடுக்கிறேன். வாசனை எப்படி என்று கேட்டால் முதலாளியைக் கூப்பிடுகிறேன். சிலர் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். அதற்கும் பழகிவிட்டேன்.

மாசிக்காரர் இன்னமும் வருகிறார். போன சனிக்கிழமை ஒரு வெள்ளை வைனை ஊற்றிக் கொடுத்து, “எப்படி இருக்கு?” என்றேன். மேசையைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

“ரொம்பப் புளிக்குது அண்ணா,” என்றார்.

புளிப்புத்தான். நாக்குக்கு அது எனக்கும் தெரிந்தது. அவருடைய கிண்ணத்தை வாங்கிக் கொட்டிவிட்டு வேறு ஒன்றைத் திறந்தேன்.