கையெழுத்தைக் கொடுத்துவிட்டுப் போனவள்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கையெழுத்து என்பது இப்போதெல்லாம் போடுகிற பொருள் இல்லை, கொடுக்கிற பொருள். பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கன். அதைக் கம்ப்யூட்டரில் செருகி ரகசிய எண்ணைத் தட்டினால் கையெழுத்து விழுந்துவிடும். ஆடிட்டர் ஆபீஸ்களில் முதலாளிமார்களின் டோக்கன்கள் வரிசையாக ஆணியில் தொங்கும். எண்ணை அதன் முதுகிலேயே பிளாஸ்திரி ஒட்டி எழுதியிருப்பார்கள். வெளியூர் கிளம்புகிறவரிடம், "கையெழுத்தைக் குடுத்துட்டுப் போங்க" என்பார்கள். சேத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய மனிதர் கருமாதி முடிந்த பிறகும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். உயிரோடு இருந்த காலத்தில் அவரிடம் அத்தனை சுறுசுறுப்பு கிடையாது.

வன்னியம்பட்டி சிவரஞ்சனியின் பிழைப்பே இந்தக் கையெழுத்துதான். கூடப் படித்த பாண்டிசெல்வியோடு பாதிப் பாதிப் பங்கு என்று எழுதிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் கையெழுத்துக்குப் புரோகிராம் செய்யும் கம்பெனி தொடங்கினாள். ஊர் ஊராகப் போய்ப் பேசுவது பாண்டிசெல்வி. பேசினால் கிணற்றுத் தவளை கூட மேலே வந்து ஆர்டர் கொடுக்கும். உட்கார்ந்து புரோகிராம் எழுதுவது சிவரஞ்சனி. அவள் ஒரு வரி எழுதினால் அதை மூன்று தரம் சந்தேகப்படுவாள்.

முதல் வாடிக்கையாளர் ராஜபாளையத்துப் பேண்டேஜ் மில் சீனிச்சாமி அண்ணாச்சி. ஒவ்வொரு லாட் துணிக்கும் சோதனைச் சான்றிதழ் உண்டு. ஆய்வக முடிவைப் பார்த்து அதில் கையெழுத்திடும் பொறுப்பை அண்ணாச்சி சிவரஞ்சனியிடமே விட்டிருந்தார். அங்கேதான் ஒரு சிக்கல். டோக்கனுக்கு ஆயுள் இரண்டே வருஷம். அது முடிந்தபின் பழைய சான்றிதழைத் திறந்தால், கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று கம்ப்யூட்டர் கைவிரித்துவிடும். ஆஸ்பத்திரிக்காரர்களோ பத்து வருஷம் கழித்தும் கேட்பார்கள்.

சிவரஞ்சனி அதற்கு மருந்து கண்டாள். கையெழுத்து விழுகிற அந்த நொடியில் அவளுடைய புரோகிராம் வெளியே ஒரு நம்பகமான சர்வரிடம் போய் நேர முத்திரை வாங்கிவரும். உள்ளூர்க் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை அது மதிக்காது. டோக்கன் அப்போது உயிரோடு இருந்தது என்பதற்கான அத்தாட்சியையும் வாங்கி, இரண்டையும் டாக்குமெண்டுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடும். பிறகு டோக்கன் காலாவதியானாலும் சரி, தொலைந்துபோனது என்று எழுதிக்கொடுத்து ரத்து செய்தாலும் சரி, முன்னே போட்டது போட்டதுதான். முத்திரை பழசாகிறபோது மேலே புது முத்திரை வைத்துக்கொண்டே போகலாம். கோபுரத்துப் புறாவின் பேரனுக்குப் பேரன் வந்து பார்த்தாலும் கையெழுத்து செல்லும் என்கிற பச்சை டிக் தெரியும் என்று பாண்டிசெல்வி ஊரெல்லாம் சொன்னாள். புறாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

ஆடிப்பூரத் தேரன்று மில்லில் அவசரமாகச் சில லாட்டுகள் கப்பலுக்குப் போகவேண்டியிருந்தது. ஆய்வக முடிவுகள் வந்துவிட்டன, கையெழுத்துதான் பாக்கி. சிவரஞ்சனி தேருக்குப் போகவா, வேண்டாமா என்று நின்றாள்.

"நீ போயி வடம் பிடிச்சிட்டு வாட்டி. கையெழுத்தைக் குடுத்துட்டுப் போ, நான் போட்டுக்கிடுதேன்" என்றாள் பாண்டிசெல்வி.

சிவரஞ்சனி டோக்கனையும் கொடுத்தாள், எண்ணையும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுக்கிறபோது யார் யோசிக்கிறார்கள்?

ஆவணி பிறந்ததும் பாண்டிசெல்வி மாடிக்கு வந்து, உட்காராமலே, இனிமேல் சிவரஞ்சனி வரவேண்டியதில்லை என்றாள். சென்னைக் கம்பெனி ஒன்று புரோகிராமை வாங்குகிறதாம். ஒரே உரிமையாளர்தான் வேண்டுமாம். திரையில் ஒரு டாக்குமெண்டைத் திறந்து காட்டினாள். புரோகிராமில் தனக்குள்ள உரிமை முழுவதையும் பாண்டிசெல்விக்கு விட்டுக்கொடுத்துக் கம்பெனியிலிருந்து விலகுவதாகச் சிவரஞ்சனி எழுதியது போல இருந்தது. கீழே அவள் கையெழுத்து. பக்கத்தில் பச்சை டிக்.

சிவரஞ்சனி முத்திரையின் நேரத்தைப் பார்த்தாள். ஆடிப்பூரத்தன்று காலை. தேர் திரும்பாமல் மூலையில் நின்றதும், உள்ளங்கை எரிய வடத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றதும் அந்த நேரம்தான்.

"இது நான் போடலையே."

"உன் கையெழுத்துதான?"

ஆமாம், அவளுடையதுதான். அவளே எழுதிய புரோகிராம் அதற்குச் சாட்சி சொன்னது. கையெழுத்து செல்லும், முத்திரை செல்லும், இன்றைக்கு டோக்கனை ரத்து செய்தாலும் அன்றைக்குப் போட்டது செல்லும். ஓட்டையில்லாமல் கட்டிய வீட்டுக்குள் அவளையே வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

அடுத்த பஸ்ஸில் ராஜபாளையம் போய் அண்ணாச்சியிடம் சொன்னாள். அன்றைய கையெழுத்து தன்னுடையது அல்ல என்று டோக்கனை வழங்கிய கம்பெனிக்கு எழுதப்போவதாகச் சொன்னாள். அண்ணாச்சிக்கு முதலில் பாண்டிசெல்வி மேல் கோபம் வந்தது. பிறகு அவர் முகம் மாறியது.

"தாயி, அன்னைக்கு நீ போடலைன்னா, எங்க லாட்டு சான்றிதழ் யாரு போட்டது?"

அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுக்கும்போதே அவர் தொடர்ந்தார்.

"அந்த ஒண்ணைப் பொய்னு சொன்னா அம்புட்டும் பொய்யாப் போகும்லா. துணி பூராவும் போயி எறங்குற துறைமுகத்துலயே கெடக்கும்."

சிவரஞ்சனி அன்றைய கையெழுத்துகளின் வரிசையை எடுத்துப் பார்த்தாள். முதலில் சில சான்றிதழ்கள், கடைசியில் சில சான்றிதழ்கள், நட்ட நடுவில் அந்த விலகல் பத்திரம். எல்லாம் ஒரே மூச்சில் போட்டவை. அவசரத்தில் விழுந்த இடமில்லை அது. மில் துணியைக் கெடுக்கச் சிவரஞ்சனிக்கு மனசு வராது என்று தெரிந்தவள் தேர்ந்தெடுத்த இடம். அது தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். அதுவரை அழாதவள் அங்கேதான் அழுதாள்.

அழுது முடித்து, அந்த லாட்டுகளின் ஆய்வக முடிவுகளை எடுத்துத் தரும்படி அண்ணாச்சியிடம் கேட்டாள். ஒன்றுவிடாமல் சரிபார்த்துத் தன் கையால் மறுபடி போட்டுத் தருகிறேன், அதுவரை ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பொறுக்கச் சொல்லுங்கள் என்றாள். டோக்கனை அடுத்தவர் கையில் கொடுத்தது குற்றம்தானே, அதை நீயே எழுதிக்கொடுத்தால் உன்னை விடுவார்களா என்று அவர் கேட்டார். விடமாட்டார்கள் என்றாள்.

பழைய டோக்கனை ரத்து செய்து புது டோக்கன் வாங்கினாள். எண் வைக்கச் சொன்னபோது செத்த நேரம் விழித்தாள். பிறந்த நாள், அப்பா இறந்த நாள், பரீட்சை எண், முதல் வண்டியின் நம்பர் எல்லாமே பாண்டிசெல்விக்குத் தெரியும். கடைசியில் சுவரில் தொங்கிய தீயணைப்பானின் நம்பரை வைத்தாள்.

மில் ஆபீஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுவந்தாள். பாதியில் பாண்டிசெல்வி வந்தாள். அன்றைய கையெழுத்துகளைச் சிவரஞ்சனி மறுத்து எழுதப்போகிறாள் என்று கேள்விப்பட்டுச் சென்னைக்காரர்கள் பின்வாங்கியிருந்தார்கள். எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார்.

"மில்லு பேப்பர்ல நீ கை வைக்கமாட்டேன்னு நம்பினேன்ட்டி" என்றாள் பாண்டிசெல்வி.

சிவரஞ்சனி நிமிர்ந்து பார்த்தாள். தோழி கேலி செய்யவில்லை. நிஜமாகவே ஏமாந்துபோனவளின் முகம் அது.

"எல்லாத்தையும் திரும்பப் போடுத. அந்த விலகல் பத்திரத்தையும் ஒண்ணு போட்டுரு. சென்னைக்காரங்க குடுக்கதுல பாதியை நான் உனக்கே தாரேன்."

சிவரஞ்சனி கடைசி லாட்டைத் திறந்தாள். பாண்டிசெல்வியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னாள். அவள் திரும்பிய பிறகு எண்ணைத் தட்டினாள்.

பச்சை டிக் வந்தது. டோக்கனை உருவி மடியில் வைத்துக்கொண்டு, ஆடிப்பூரத்தன்று விழுந்த எந்தக் கையெழுத்தும் தன்னுடையது அல்ல என்று டோக்கன் கம்பெனிக்கு எழுதி வைத்திருந்த மெயிலைப் பாண்டிசெல்வி கண்முன்னாலேயே அனுப்பினாள்.