அம்மாவின் இரத்தம்

ஞாயிறு பூசை முடிந்ததும் யாரும் கலைந்து போக வேண்டாம், மாதா கோயில் மண்டபத்தில் இரத்தம் சோதிக்கிறார்கள் என்று சுவாமி அறிவித்தார். ஈரலைப் பிடிக்கும் ஒரு கிருமி தெரியாமலே பலருக்குள் இருக்கலாமாம். விரல் நுனியில் ஒரு குத்து, கொஞ்ச நேரத்தில் முடிவு. அம்மாவும் நானும் தம்பியும் வரிசையில் நின்றோம். தம்பிக்குப் பின்னேரம் உயிலங்குளத்தில் பந்து விளையாட்டு. "கெதியா முடியுமோ?" என்று கேட்டபடி நின்றான்.

எனக்கு இல்லை. அவர்கள் இருவருக்கும் இருந்தது.

தாதி எங்களை ஒரு மூலைக்குக் கூட்டிப் போனார். "பயப்படாதையுங்கோ. இதோட கனகாலம் சுகமா இருக்கிற ஆக்கள் இருக்கினம். ஆனா ஈரலை ஸ்கான் பண்ணிப் பாக்கவேணும்."

"இவன் குடிக்கிறேல்லையே, மிஸ்ஸி," என்றார் அம்மா.

"இது குடியால வாறதில்லை அம்மா. கனபேருக்குப் பிறக்கேக்க தாயிட்ட இருந்து வாறது. இப்ப குழந்தையளுக்கு ஊசி போடுறம். உங்கட காலத்தில அது இல்லை."

அம்மா யாரை நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் அண்ணன் சில வருடங்களுக்கு முன்பு வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிச் செத்தவன். ஒளித்துக் குடித்தே ஈரலைக் கரைத்துவிட்டான் என்று செத்த வீட்டிலேயே பேசினார்கள். அவன் படுக்கையில் கிடந்தபோது அம்மாவே அலுமாரியைத் திறந்து போத்தல் தேடினார். "நான் குடிக்கேல்லை அம்மா," என்று அவன் அழுதான். "மாதா பாத்துக்கொண்டிருக்கிறா, பொய் சொல்லாத," என்றார் அம்மா. அவன் இரத்தத்தை யாரும் இந்தக் கிருமிக்காகச் சோதித்ததில்லை. இனிச் சோதிக்கவும் முடியாது.

தம்பியின் ஈரலில் கட்டி இருந்தது. மன்னாரில் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். வெட்டி எடுக்கக்கூடிய கட்டம் தாண்டிவிட்டது என்று அங்கே சொன்னார்கள். அதுவரை ஒரு நாள்கூட நோவென்று படுக்காதவன். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது என்று தாதி சொல்லியிருந்தும், அம்மா தன் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். பார்க்க வந்தவர்களும் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமலே எழும்பினார்கள்.

ஒரு மத்தியானம் அம்மா தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்து, "நான்தான் ராசா உனக்கு இதைத் தந்தனான்," என்றார்.

"தெரிஞ்சோ தந்தனீங்கள்? விடுங்கோ அம்மா."

"கொண்ணனையும், என்ர மூத்தவனையும் நான்தான்..."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

தவக்காலம் தொடங்குமுன் அவன் போய்விட்டான்.

அம்மாவுக்குத் தொடர்ந்து கிளினிக் இருந்தது. "உங்கட ஈரல் நல்லா இருக்கு அம்மா," என்று டொக்டர் சந்தோஷமாகத்தான் சொன்னார். அம்மா வெளியே வந்து, மருந்துக்குக் காத்திருந்தவர்கள் நடுவில் நிலத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது என்னைப் பார்த்து, "உனக்கு மட்டும் இது ஏன் வரேல்லை, பிள்ளை?" என்று கேட்டார். சில பிள்ளைகளுக்கு வருவதில்லை என்று டொக்டர் சொன்னதை நான் சொன்னேன். அவர் கேட்டது அதை அல்ல.

அடுத்த கிளினிக் தவணைக்கு நான் உடுத்து வெளிக்கிட்டு வந்து கூப்பிட்டபோது அம்மா அறைக் கதவைப் பூட்டியிருந்தார். தட்டினேன், கெஞ்சினேன்.

"நீ போ பிள்ளை. நான் வரேல்லை."

கதவடியிலேயே நின்றேன். ரோட்டால் நாங்கள் ஏறவேண்டிய பஸ் போகும் சத்தம் கேட்டது.