ஜெராருக்கு அவித்த கொள்ளு

போன வாரம் காரைக்காலில் ஒரு பல்பொருள் கடையில் கால் கிலோ கொள்ளைப் பளபளப்பான பொட்டலத்தில் பார்த்தேன். மேலே, இடுப்பில் அளவு நாடா சுற்றிய பெண் படம். ‘உடல் எடை குறைய’ என்று பச்சை எழுத்து. பொட்டலத்தைப் பிரிக்காமலே அவித்த கொள்ளின் மணம் வந்தது. கூடவே பழைய வயிற்றெரிச்சலும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் கோவில்பத்து வீட்டில் வாரம் நான்கு நாள் கொள்ளு. இளைப்பதற்காக அல்ல, வேறு வாங்க வழியில்லை. கேழ்வரகுக் கூழ், வாழைத்தண்டு, வேலியோரக் கீரை, நீர்த்த மோர் என்று மற்ற நாள்கள் போகும். இவற்றைத் தின்று நான் நாற்பத்தேழு கிலோ இருந்தேன். ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர் வேலை. காற்றடித்தால் செய்தியோடு நானும் பறந்துவிடுவேன் என்று கேலி செய்வார்கள்.

என் சிநேகிதன் ஜெரார் தலத்தெருக்காரன். அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வுபெற்றவர்; ஊர் வழக்கில் சொல்தா. குடும்பமே பிரெஞ்சுக் குடிமக்கள். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய், மதியம் ஆட்டுக்கறி. அவனும் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்ஸ் போக வேண்டும். அதற்குப் புதுச்சேரியில் மருத்துவப் பரிசோதனை. உரக்கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றான். எண்பத்தாறு. மூன்று மாதத்தில் எட்டு கிலோ குறைய வேண்டும்.

டாக்டர் எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியலோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். வாங்கிப் படித்தேன். வரிக்கு வரி எங்கள் வீட்டுச் சமையல்.

“உங்க வீட்ட எட்டிப் பாத்துத்தான் எழுதியிருக்காருடா!” என்று சிரித்தான்.

“மாட்டுக்கு அவிக்கிறதத் தம்பிக்குப் போடுறதா?” என்று அம்மா கூசினாள். ஆனால் மறுநாளே அவனுக்கும் சேர்த்து அடுப்பில் ஏற்றினாள்.

அதுவரை கொள்ளுக்கு உப்பு போதும் என்றிருந்தவள், அவனுக்காகக் கடுகு தாளித்தாள், இஞ்சி நறுக்கினாள், கொஞ்சம் தேங்காய்கூடத் தூவினாள். வாழைத்தண்டில் ஒரு இழை நார் கிடையாது. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நான் சட்டியிலிருந்து நானே போட்டுக்கொள்வேன். கேட்டால், “நீதான் ஒல்லியா இருக்கியே, ஒனக்கென்ன?” என்பாள். பிரான்ஸ் அவனுக்குப் பிறப்பிலேயே கிடைத்தது. என் அம்மாவும் வேண்டுமா?

மாலையில் செய்திக் கவரைப் பேருந்து நடத்துனரிடம் சேர்க்க நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். உடம்புக்கு நல்லதென்று ஜெராரும் வருவான். அங்கே வரிசையாகப் பரோட்டாக் கடைகள். முதல் நாள் நான்தான் ஆரம்பித்தேன்.

“ரெண்டே ரெண்டுடா. நடந்ததுக்குச் சரியாப் போயிடும்.”

“அம்மாவுக்குத் தெரிஞ்சா?”

“நான் சொல்ல மாட்டேன்.”

இரண்டு நான்காயிற்று, சால்னா தனி. வாரத்துக்கு மூன்று நாள். டீயைக் குடித்தபடி அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தெரிந்தேதான் செய்தேன்.

பரிசோதனையில் இரண்டு கிலோ கூடுதல். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வாசலில் தலைகுனிந்து நின்றான். பரோட்டா பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அம்மாதான் உடைந்துபோனாள்.

“நாந்தான் கெடுத்தேன். தேங்காயப் போட்டுத் தொலைச்சேனே!”

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ஏதோ கூட்டத்துக்குச் செய்தி எடுக்கப் போக வேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் தேங்காயே உடைக்கவில்லை. நானும் பஸ் ஸ்டாண்டுக்கு அவனுக்குச் சொல்லாமல் போய்வந்தேன். ஜெரார் எழுபத்தேழுக்கு இறங்கினான். தேர்வாகிப் போயும் விட்டான். அன்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “அந்தக் குளுர்ல அவனுக்கு யாரு அவிச்சுக் குடுப்பா?” எனக்கு அப்போதும் எரிந்தது.

பிறகு அவன் வீட்டார் தலத்தெரு வீட்டை விற்றுவிட்டு மொத்தமாகப் போய்விட்டார்கள். அவன் கடிதங்களும் நின்றுபோயின. அவன் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்: “ஒழுங்காத்தானடா சாப்பிட்டான், மொதத் தடவ மட்டும் ஏன் கொறையல?”

“தெரியலம்மா” என்பேன்.

இப்போது கேட்டால் சொல்லிவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. கேட்க அவள் இல்லை.