நடு வீட்டைத் தேடி வந்தவர்

கிழக்கேகோட்டையில் எங்கள் தெருவுக்கு ஒரு சர்க்கார் கணக்கெடுப்பாளர் வந்தார். மெலிந்த உடம்பு, பென்சில் நுனியை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார். மாத வருமானம் கேட்டதும், வரி போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அப்பா பாதியைத்தான் சொன்னார்.

"வரி ஒண்ணும் இல்லை, கேட்டேளா? எல்லா வீட்டையும் வருமானப்படி வரிசையா வச்சு, நடுவுல வர வீட்டைப் பார்ப்போம். அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கப் பார்த்தா, தெரு ஏறித்தா எறங்கித்தான்னு தெரியும்" என்றார் அவர்.

"மனுஷா பொய் சொன்னா?" என்றார் அப்பா.

"போன தடவையும் எல்லாரும் பாதிதான் சொன்னா. இப்பவும் பாதின்னா, ஏத்தம் எறக்கம் சரியாவே தெரியும்."

அப்பா அவர் எழுதியதை எட்டிப் பார்த்தார். "போன தடவை நான் என்ன சொன்னேன்?"

அவர் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

வரி வரவே இல்லை. அவர் எங்கள் பொய்யை மன்னித்தாரா, அதை நம்பித்தான் வேலை செய்தாரா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.